மல்லாக்க மேஸ்திரி

கள்ளக்குறிச்சியில் தொடங்கி கல்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் மல்லாக்க மேஸ்திரி படுக்காத வீடு கிடையாது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் தொழில் அப்படி. வீடுகளுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். ஆனால் மேலே கை வைப்பதற்கு முன்னால் கீழே பாய் விரித்து மல்லாக்கப் படுத்து, குறைந்தது ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்களுக்கு அவர் தேவைப்பட்டது ஒரு காபி டம்ளரால். நாங்கள் விலைக்கு வாங்கிய வீட்டைக் கட்டியவர் பெரிய ரசனைக்காரர். கூடத்திலும் எங்கள் படுக்கையறையிலும் சீலிங் முழுக்க சிமெண்டை முள் முள்ளாக இழுத்துவிட்டு, பலாப்பழத் தோல் மாதிரி டிசைன் செய்திருந்தார். ஒட்டடை அடிக்கப் போனால் துடைப்பம் மேலேயே மாட்டிக்கொள்ளும், கம்பு மட்டும் கையோடு வரும். அவ்வப்போது ஒரு முள் உதிரும். என் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வந்த குடும்பத்தில், மாப்பிள்ளையின் அத்தை காபியை வாய்க்குக் கொண்டுபோன நேரம் பார்த்து ஒன்று டம்ளருக்குள் விழுந்தது. "மேலேந்தே வேணாங்குது" என்று எழுந்தார் அத்தை. பஜ்ஜியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள்.

அந்த மாப்பிள்ளை போனதில் நித்யாவுக்குத் துளி வருத்தமில்லை. அடுத்தது அப்படியில்லை. திருநாவலூர்ப் பையன், அவளோடு வேலை பார்க்கிறவன், அவளே பிடித்திருக்கிறது என்று சொன்னவன். பையனின் அப்பா கரும்பு விவசாயி. நல்ல மனிதர்தான். ஆனால் பூனை குறுக்கே போனால் டிராக்டரையே வீட்டுக்குத் திருப்பிவிடுவாராம்.

"அப்பா, அவரு தல மேல மட்டும் எதுவும் வுழக்கூடாது" என்றாள் நித்யா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் வருவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் திங்கள்.

ஹார்டுவேர் கடை பாயிடம் ஓடினேன்.

"செதுக்கி எடுத்தா இன்னும் ஜாஸ்தியா உதிரும் சார். கீழ ஜிப்சம் போர்டு போட்டு மூடிடுங்க" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆள அனுப்பறேன். வேல தங்கம். ஆனா படுப்பாரு. படுத்தா திட்டாதீங்க."

எனக்கு அப்போது விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை விளங்கியது. வந்தவர் கையில் ஏணி இல்லை, டேப் இல்லை. கக்கத்தில் ஒரு கோரைப்பாய், அதற்குள் ஒரு தலையணை.

"இந்த வூட்ல யாரு யாரு எங்க படுப்பீங்க?" அவருடைய முதல் கேள்வி இதுதான். என் மனைவி கோமதி என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

"எதுக்குங்க மேஸ்திரி?" என்றேன்.

"சீலிங்க நின்னுக்கினு பாக்கறவன் வெள்ளையடிக்கறவன் சார். படுத்துக்கினு பாக்கறவன்தான் வூட்டுக்காரன். எனக்கு வூட்டுக்காரன் கண்ணு வேணும்."

படுத்தார். செவ்வாய் முழுக்கக் கிழக்கே தலை, புதன் முழுக்க மேற்கே தலை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அவரைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போனார். கடை பாயிடம் போனில் புலம்பினேன். நீங்களாவது பரவாயில்லை என்றார் பாய். நைனார்பாளையத்தில் ஒரு வீட்டில், கைக்குழந்தைக்கு மேலே என்ன தெரிகிறது என்று பார்க்கத் தொட்டிலில் ஏறிப் படுத்து, கயிறு அறுந்ததாம். மூங்கில்துறைப்பட்டில் புது மாப்பிள்ளை கட்டிலில் படுத்திருக்கும்போதே, "கொஞ்சம் தள்ளிப் படுங்க தம்பி" என்று பக்கத்தில் சாய்ந்துவிட்டாராம்.

"படுத்துக்கினே இருக்க வூட்ல நீங்க ஒருத்தர் பத்தாதா?" என்று கோமதி என்னைப் பிடித்துக்கொண்டாள். "வெளியேந்து வேற ஆளக் கூட்டினு வந்துட்டீங்க!"

வியாழக்கிழமை எழுந்தார். எழுந்த பிறகு அவர் செய்த வேலையைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை. ஒரே மூச்சில் கம்பிச் சட்டம் கட்டி, போர்டு முடுக்கி, இணைப்பு தெரியாமல் பட்டி பூசி, சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தையே வேறு வீடாக்கிவிட்டார். கோமதி மூன்று தடவை தரையைத் துடைத்துவிட்டு, மூன்று தடவையும் மேலே பார்த்துச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மேஸ்திரி மறுபடி வந்து நின்றார். காலை வெளிச்சத்தில்தான் மேடு பள்ளம் தெரியுமாம். ஏணியில் ஏறி ஓர் இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்த தூள் முழுக்க அவர் மேலேயே கொட்டியது. அப்படியே இறங்கி, ஏணியைக் கொல்லையில் வைத்துவிட்டு வந்து, பாயில் படுத்துப் பார்த்தார். நான் குளியலறையில் இருந்தேன். கோமதி கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். பத்தரைக்கு வருவதாகச் சொன்ன திருநாவலூர்க்காரர்கள், வழியில் சகுனம் சரியாக இருந்ததால் எங்கேயும் நிற்காமல் ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள்.

நான் துண்டோடு ஓடிவந்து பார்த்த காட்சி இது. கூடத்தின் நடுவில் தெற்கே தலை வைத்து மேஸ்திரி. நெற்றியிலிருந்து பாதம் வரை வெள்ளை வெளேர். இரண்டு கையும் நெஞ்சின் மேல். கண் மேலே பார்த்தபடி நிலைகுத்தி நிற்கிறது. வாசலில் பையனின் அப்பா. அவருக்குப் பின்னால் பூவும் பழமுமாகத் தட்டோடு அவர் மனைவி. நித்யா அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பையனின் அப்பா மெதுவாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "எப்பங்க ஆச்சு?"

"செருப்ப அங்கயே வுட்டுட்டு வாங்க, தூசி ஜாஸ்தி" என்றது பிணம்.

தட்டிலிருந்து ஒரு ஆப்பிள் உருண்டு தெருவுக்குப் போனது. பையனின் அப்பா ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்தேன். சிரிக்கிறார்!

"பொணம் எதிர்ல வந்தாலே போற காரியம் ஜெயிக்கும்பாங்க. இது 'வாங்க'ன்னு வேற கூப்புடுது! இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்?"

"சிரிச்சது போதுங்க. இப்டி வந்து படுத்து, அந்த மூலையில மேடு தெரிதா பாருங்க" என்றார் மேஸ்திரி, பாயில் நகர்ந்து இடம் விட்டு.

வெள்ளை வேட்டியோடு படுத்தார் மனிதர். விடியற்காலையே எழுந்து கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த உடம்பு. இரண்டே நிமிடத்தில் குறட்டை. அரைமணி நேரம் இரண்டு குடும்பமும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, கேசரியைச் சத்தமில்லாமல் தின்றோம். மேலேயிருந்து ஒரு தூசி விழவில்லை. கண்விழித்தவர் சீலிங்கைப் பார்த்தபடியே, "மேடெல்லாம் இல்ல. தட்ட மாத்திக்கலாம்" என்றார். நித்யா அறைக்குள் ஓடிப்போய் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

எங்கள் படுக்கையறைச் சீலிங்கில் மட்டும் அந்த முள் இன்னும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மேஸ்திரி பாயோடு வருவார். படுப்பார், பார்ப்பார், டீ குடிப்பார். "இது கொஞ்சம் கஷ்டமான சீலிங்கு சார். இன்னொரு தரம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். தலையணையை அவர் இப்போது கொண்டுவருவதில்லை. அவருக்கென்று கோமதி ஒன்று உறை மாற்றி வைத்திருக்கிறாள்.

நானும் அவசரப்படுத்துவதில்லை. அதையும் மூடிவிட்டால், அவர் எங்கள் வீட்டில் வந்து படுக்க அப்புறம் என்ன காரணம் இருக்கிறது?