மாடி வீட்டு எலி

எலி விஷயத்தில் இனி ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று ஓனர் முடிவு செய்தார். முடிவு செய்த களைப்பில் இன்னொரு காப்பி கேட்டார். காப்பி வந்தது. அதில் சர்க்கரை மட்டும் வரவில்லை. டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் சர்க்கரை டப்பாவின் சாவி மனைவியின் இடுப்பில்தான் குடியிருந்தது.

'ஓனர்' என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவரே வைத்துக்கொண்டது. மாடியை வாடகைக்கு விட்ட அன்றிலிருந்து பால்காரரிடம் பேசினாலும் சரி, பல் டாக்டரிடம் பேசினாலும் சரி, "நான் ஓனர் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். தெருவும், ஆசைப்படுகிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. 'எலி வளையானாலும் தனி வளை வேணும்' என்று வாடகைக்கு இருப்பவர்களைப் பார்த்து அடிக்கடி சொல்வார். அந்த வாக்கு இப்படிப் பலிக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

மாடியில் குடியிருந்தது ஒரு டெய்லரம்மா. புருஷன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். டெய்லரம்மா அன்று காலை ஒரு சட்டையோடு படியிறங்கி வந்ததில்தான் விவகாரம் ஆரம்பித்தது.

"சார், இதப் பாருங்க. கஸ்டமரோட புதுச் சட்டை. எலி ரெண்டு கையையும் தின்னுடுச்சு."

ஓனர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையில்லாம போடறதுதானேம்மா இப்ப ஃபேஷன்?"

"இது பேங்க் மேனேஜர் சட்டை சார்."

"சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"சிங்க் குழாய் போற இடத்துல செவுத்துல ஓட்டை இருக்குன்னு வந்த நாளா சொல்லிட்டிருக்கேன். என் கையே உள்ள போகுது. அத அடைச்சு, எலிக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்க. வீட்டுக்காரங்க செய்ய வேண்டியதுதானே சார்?"

"ஓட்டை என்னுது. ஒத்துக்கறேன். எலி எப்படிம்மா என்னுதாகும்?"

"ஓட்டை இல்லாட்டி எலி எப்படி சார் வரும்?"

"வாசக்கதவும்தான் நான் வெச்சுக் குடுத்தேன். அது வழியா திருடன் வந்தா, என்னைப் புடிச்சு உள்ள போடுவியா?"

டெய்லரம்மா சட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஓனருக்கு அது போதும். எதிராளி மூச்சு வாங்கும் நேரத்தில் தான் ஜெயித்துவிட்டதாக நினைப்பது அவர் சுபாவம்.

"எலி எதுக்கும்மா வருது? செவுரு அழகா இருக்குன்னு பாத்துட்டுப் போக வருதா? குப்பைக்கு வருது. குப்பை யார் போடறா? குடியிருக்கிறவங்க. அப்ப எலி யாரோடது? நீயே சொல்லு."

சொல்லிவிட்டு, ஆதாரம் காட்டுவதற்காக மாடிப்படிக்குக் கீழே போனார். அங்கேதான் இரண்டு வீட்டுக் குப்பை வாளிகளும் இருக்கும். நீல வாளி மாடிக்கு, பச்சை வாளி கீழ் வீட்டுக்கு. காலையில் தெருமுனைக்குக் குப்பை வண்டி வரும். டெய்லரம்மா தன் வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். பச்சை வாளியை ஓனரின் மனைவி தூக்கிக்கொண்டு போவாள். ஓனர் இதுவரை எந்த வாளியையும் தொட்டதில்லை. தொட்டால் ஓனர் பட்டம் கழன்று கையோடு வந்துவிடும் என்று ஒரு பயம். இப்போதும் குடையின் முனையால்தான் நீல வாளியைக் கிளறினார். கிளறி, ஒரு கவரைக் குத்தி மேலே தூக்கினார்.

"இது என்ன? பிஸ்கட் கவர்! இத இப்படித் திறந்த வாளியில போட்டா எலி வராம யானையா வரும்?"

"நாங்க யாரும் பிஸ்கட்டே சாப்பிடறதில்லையே சார்."

இதற்குள் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "என்ன கவருங்க அது?"

"ஆரஞ்சு கிரீம்!" என்றார் ஓனர், கம்பீரமாக.

கவர் நீளவாக்கில் மடிக்கப்பட்டு, நடுவில் ஒரு சின்ன முடிச்சோடு இறுகிக் கிடந்தது. அதில் ஒரு எழுத்தும் வெளியே தெரியவில்லை. மனைவி முடிச்சைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"ஓஹோ" என்றாள்.

கல்யாணமானவர்களுக்கு அந்த 'ஓஹோ'வின் எடை தெரியும். ஓனருக்கும் கல்யாணமாகித்தான் இருந்தது. ஆனால் ஜெயித்த மயக்கத்தில் அவர் காதில் அது விழவில்லை.

விஷயம் இதுதான். ஓனர் வேலையில் இருந்தவரை ஆபீசில் தபால் கட்டும் பிரிவில் இருந்தார். ஆயுசு முழுக்க கட்டுக் கட்டாகச் சணல் சுற்றி முடிச்சுப் போட்டுப் போட்டு, அந்த விரல்களுக்கு எதையும் முடிச்சில்லாமல் விடத் தெரியாது. பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, காலியான கவர் என்று எது கிடைத்தாலும் நீளமாக மடித்து ஒரு முடிச்சு விழுந்துவிடும். இனிப்பு நின்ற நாளிலிருந்து அவர் பரணில் தன் பழைய ஆபீஸ் பைக்குள் ஆரஞ்சு கிரீம் பிஸ்கட்டாக வாங்கி அடுக்கி வைத்திருந்தார். மத்தியானம் மனைவி கண்ணயர்ந்ததும், "பழைய ஃபைல் ஒண்ணு பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்டூல் போட்டு ஏறுவார். தின்ற கவரைப் பச்சை வாளியில் போட்டால் மனைவி பார்த்துவிடுவாள். அதனால் நீல வாளியில் போடுவார். அதாவது, தான் தின்ற பிஸ்கட்டுக்குக் குடியிருப்பவளிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு இந்தத் தைரியம் தானாக வரும் போலிருக்கிறது.

"இத இப்படியே விடக் கூடாது" என்றார் ஓனர். "நான் நிரூபிக்கிறேன். எலியப் புடிச்சு வாலுக்குச் சாயம் பூசி விடுவோம். மறுபடி எந்த வீட்ல மாட்டுதோ, அது அந்த வீட்டு எலி."

"நல்ல யோசனைங்க" என்றாள் மனைவி.

ஓனர் திரும்பிப் பார்த்தார். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து வருஷங்களாகிவிட்டது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பூரித்துப் போனார்.

"ஆனா எலி மாட்டினப்பறம் யார் என்ன செய்யணும்னு இப்பவே பேசிடுங்க. பின்னால பேச்சு மாறக் கூடாது பாருங்க."

"பேசிட்டா போச்சு! யாரோட தீனியத் தேடி எலி வருதோ, அவங்கதான் எல்லாம் பாக்கணும். ஓட்டை அடைக்கிறது, மருந்து அடிக்கிறது, எல்லாம். அது மட்டுமில்ல, ரெண்டு வீட்டு வாளியையும் தெனம் முனைக்குத் தூக்கிட்டுப் போகணும். இது என் தீர்ப்பு!"

"யாரா இருந்தாலுமா?"

"என்னைப் பெத்தவங்களா இருந்தாலும்!"

டெய்லரம்மா கலங்கிப் போய் நின்றாள். சட்டைக்கு ஒரு நஷ்டம், ஓட்டைக்கு ஒரு நஷ்டம், இதற்கு மேல் ரெண்டு வாளி வேறா? "அக்கா..." என்று இழுத்தாள். மனைவி அவள் கையை லேசாகத் தட்டினாள். "சார் நியாயம் தவற மாட்டாரும்மா. நீ நிம்மதியா இரு."

மாடியில் கூண்டு வைத்ததும் எலி மாட்டிக்கொண்டது. மனைவியின் அலமாரியிலிருந்து மெரூன் நகப்பூச்சு எடுத்து, கூண்டுக் கம்பிக்கு வெளியே நீட்டிய வாலில் ஓனரே பூசினார். எலி கத்தியது. அவரும் கத்தினார். எலி கொஞ்சம் கம்மியாகத்தான் கத்தியது. பூசி முடித்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கொல்லையில் திறந்துவிட்டார்கள்.

நியாயமான சோதனைதான். ஆனால் நியாயத்தை அதன் போக்கில் விட்டால் அது எங்கேயாவது தப்பாகப் போய்விடுமே என்று ஓனருக்குக் கவலை. அதனால் யாரும் பார்க்காதபோது பரணிலிருந்து ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்து, டெய்லரம்மாவின் வாசல்படியில் வைத்துவிட்டு வந்தார். வைக்கும்போது மனசு அடித்துக்கொண்டது. ஏமாற்றுகிறோமே என்றல்ல, பிஸ்கட் போகிறதே என்று.

"நம்ம வீட்லயும் ஒரு கூண்டு வெக்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"நம்ம வீட்லதான் எலியே இல்லையே."

"அப்ப வெச்சா என்ன பயம்?"

பயம் என்று சொல்ல முடியுமா? "வெச்சுக்கோ, வெச்சுக்கோ" என்றார்.

அதற்கப்புறம் மாடிக் கூண்டு காலியாகவே கிடந்தது. ஓனர் காலையும் மாலையும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். கூண்டைவிட அவர் முகம்தான் காலியாக இருந்தது. ஒரு சாயங்காலம் டெய்லரம்மா கீழே வந்து மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். பரணில் 'படக்' என்று ஒரு சத்தம். கூடவே தகரம் அதிர்கிற சத்தம்.

"ஏறிப் பாருங்க" என்றாள் மனைவி.

"காத்தா இருக்கும்."

"பரண்ல காத்தா? சரி, நானே ஏறறேன்."

"வேணாம் வேணாம்! உனக்கு முட்டி வலி!" கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் முட்டியைப் பற்றி அவர் கவலைப்பட்டது அன்றுதான்.

ஏறினார். பரணில் ஆபீஸ் பைக்குப் பக்கத்திலேயே மனைவி வைத்த கூண்டு; மத்தியானம் அவர் ஏறியபோது அது அங்கே இல்லை. அதற்குள் ஒரு எலி. அதன் வாலில் சாயம். அவர் கூண்டைத் தூக்கப் போய்ப் பையில் முழங்கை இடித்தது. எலி ஏற்கெனவே பல் வைத்திருந்த பை பிளந்து, ஆரஞ்சு கிரீம் பாக்கெட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கீழே விழுந்தன. கடைசியாக முடிச்சுப் போட்ட ஒரு காலிக் கவர் ஆடி அசைந்து வந்து டெய்லரம்மாவின் காலடியில் இறங்கியது.

எல்லாரும் அந்தக் கவரையே பார்த்தார்கள். எலிகூட.

"இந்தக் கூண்டுல என்ன வெச்சே?" என்று ஓனர் ஸ்டூல் மேலிருந்தே கேட்டார். கேட்க வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"மாடி வாசப்படியில ஒரு பிஸ்கட் கெடந்துச்சாம். டெய்லரம்மா கொண்டாந்து குடுத்துச்சு. பாவம், யாரோ தவறவிட்டிருக்காங்க. வீணாக்குவானேன்னு வெச்சேன்."

ஓனர் கூண்டின் பக்கம் திரும்பினார். அப்போதுதான் வாலை நன்றாகப் பார்த்தார். முகத்தில் களை வந்தது.

"நில்லு! நான் பூசினது மெரூன். இந்த வால் ரோஸ்! இது அந்த எலியே இல்ல!"

"அப்படியா?"

"சத்தியமா! இது மாடியில புடிச்ச எலி இல்ல. வேற எலி!"

"மாடி எலி இல்லையா?"

"இல்லவே இல்ல!"

"அப்ப இது கீழ் வீட்டு எலி" என்றாள் மனைவி. "நம்ம எலி. நம்ம வீட்ல எலியே இல்லன்னீங்க."

ஓனர் கூண்டைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார். "இல்ல, வெளிச்சம் கம்மியா இருக்கு... மெரூன் மாதிரியும்தான் தெரியுது. மாடி எலியேதான்."

"சரி, மாடி எலின்னே வெச்சுக்குவோம். யாரோட தீனியத் தேடி வந்திருக்கு?"

அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கட்டை விரல் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது. ஓனர் அதைப் பார்த்தார். டெய்லரம்மாவின் சுண்டு விரலிலும் ஒன்று இருந்தது. அதையும் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து வேறொரு எலியைப் பிடித்து, வாலுக்கு ரோஸ் பூசிப் பரணில் விட்டிருக்கிறார்கள். பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் எலி கீழ் வீட்டுடையதாகிவிடும். சொல்லாவிட்டால் தீனி தன்னுடையதாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் வாளி காத்திருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஓனர் தன் தீர்ப்பால் கெட்டார்.

"நீ முதல்லயே கண்டுபுடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"கல்யாணமான புதுசுல சினிமா டிக்கெட்ட நீங்க இப்படித்தான் மடிச்சு முடிச்சுப் போட்டுக் குடுத்தீங்க. இந்த முடிச்சு எனக்குத் தெரியாதா? இறங்கி வாங்க, சிமெண்ட் வாங்கணும்."

மறுநாளே குழாய் ஓட்டையை ஓனர் தன் கையாலேயே பூசி அடைத்தார். டெய்லரம்மா பக்கத்தில் நின்று, "அந்த ஓரம் சார், அந்த ஓரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மருந்தடிக்க ஆள் வந்து போனார். எலிகள் போயின. பிஸ்கட் பாக்கெட்டுகளை மனைவி எடுத்துப் பூட்டி வைத்தாள். இப்போது தினமும் காலையில் ஓனர் ஒரு கையில் நீல வாளியும் ஒரு கையில் பச்சை வாளியுமாகத் தெருமுனைக்கு நடக்கிறார். குப்பை வண்டிக்காரர் அவரைப் பார்த்ததும் மரியாதையாக, "ஓனர் வந்துட்டாரு, வழி விடுங்க" என்பார். அந்த மரியாதை தெருவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு நாள் நீல வாளியைக் கவிழ்க்கும்போது ஒரு கவர் அவர் செருப்பின் மேல் விழுந்தது. நீளவாக்கில் மடித்து, நடுவில் சின்ன முடிச்சு. பிரித்துப் பார்த்தார். ஆரஞ்சு கிரீம். பச்சை வாளியிலும் பார்த்தார். அதிலும் இரண்டு இருந்தன. மத்தியான நேரத்தில் டெய்லரம்மா கீழே வருவதும், உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்பதும் அப்போதுதான் அவர் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. காலி வாளிகளோடு வேகமாக வீட்டுக்கு வந்தார்.

"இது என்ன?" என்று மனைவியின் முன்னால் கவரை நீட்டினார். "என் பிஸ்கட்ட யார் திங்கறா?"

மனைவி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எலியா இருக்கும்ங்க."

"எலி முடிச்சுப் போடுமாடி?"

"உங்க தீனியில வளந்த எலிங்க" என்றாள் மனைவி. "பாத்துக் கத்துக்கிட்டிருக்கும்."