மாமா மெதுவாகத் திரும்புகிறார்

மாமாவுக்குக் கொடுத்திருந்த வசனக் காகிதங்கள் மொத்தம் ஆறு. ஆறாவதின் கடைசி வரி, 'மாமா மெதுவாகத் திரும்புகிறார்' என்று முடிந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. திரும்பி யாரைப் பார்க்கிறார், பார்த்த பிறகு உயிரோடு இருக்கிறாரா, ஒரு தகவலும் இல்லை.

மாமா என்பது அவர் பெயர் இல்லை. 'காந்தக்கையன்' தொலைக்காட்சித் தொடரில் நாயகனுக்குத் தாய்மாமனாக நாலு வருஷம் நடித்ததில் சொந்தப் பெயர் கையெழுத்துப் போட மட்டும்தான் பயன்பட்டது. இரும்பு எதுவானாலும் உள்ளங்கைக்கு இழுத்துவிடும் காந்தக்கையன் யார் என்று கதையில் தெரிந்த ஒரே ஆள் அவர்.

அதற்கு முன்னால் ஒன்பது தொடர்களில் செத்துப்போன அப்பாவாக நடித்திருக்கிறார். நடித்தார் என்பதே கொஞ்சம் அதிகம். ஒரு நாள் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார். அப்புறம் அந்தப் படம் வருஷக்கணக்கில் சுவரில் தொங்கும், பிள்ளைகள் அதைப் பார்த்து அழுவார்கள். இனி செத்தாலும் சுவருக்குப் போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர் மாமா.

வந்தது வினை, இந்த வாரத்து எபிசோடு ரூபத்தில். இயக்குநருக்குத் திடீரென்று பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள் மேல் ஆசை வந்துவிட்டது. பகல் பதினோரு மணிக்கு ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, புகை போட்டு, எல்லாருக்கும் தொப்பியும் நீளக் கோட்டும் மாட்டிவிட்டார். காந்தக்கையன்கூட உடுப்புக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தான்.

"யாரும் யாரையும் நம்பக் கூடாது. அதான் இந்த வாரம்" என்றார் இயக்குநர்.

முடிவு வெளியே கசியக் கூடாதென்று அவரவர் பக்கங்களை மட்டும் அவரவருக்குக் கொடுத்தார்கள். அறிவிப்புப் பலகையில் மட்டும் எழுதியிருந்தது: 'வியாழன். கிடங்கு. துப்பாக்கிச் சூடு. ஒருவர் சாவு.'

தொடரில் டாக்டராக வருபவரை மாமா ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"டாக்டர், உங்க கடைசி வரி என்ன?"

"டாக்டர் சிரித்தபடி கதவைத் திறக்கிறார். உங்களுது?"

"சும்மா, திரும்புறேன்."

"மெதுவாவா?"

மாமா தன் காகிதத்தை மடித்து மறைத்துக்கொண்டார். "மெதுவான்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்க எப்பவுமே மெதுவாத்தானே மாமா திரும்புவீங்க" என்று டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாமாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறவனை எவனாவது சுடுவானா?

நேரே கதாசிரியரிடம் போனார். அவர் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார்.

"காந்தக்கையன் பக்கத்துல இருக்கும்போது ஒருத்தரை எப்படிச் சுட முடியும்? குண்டைக் கையால இழுத்துடுவானே?"

"அதுக்குத்தான் சார் பித்தளைக் குண்டு வச்சிருக்கேன். காந்தத்துல ஒட்டாது."

"யாருக்கு அது?"

"குண்டுக்குத் தெரியும் சார்" என்றார் கதாசிரியர். பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு வழி இருந்தது. தொடரில் யாரையாவது சுடுவதென்றால் அவர்கள் உடுப்பில் இரண்டு தைப்பார்கள், ஓட்டை போட ஒன்று, நல்லதாக ஒன்று. மாமா உடுப்பு அறைக்குள் எட்டிப் பார்த்தார். 'மாமா' என்று சீட்டுக் குத்திய கோட்டு, சந்தேகமே இல்லாமல் இரண்டு தொங்கியது.

"எனக்கு எதுக்குய்யா ரெண்டு?"

"ஒண்ணு மழைக் காட்சியில நனையும் மாமா. அது காயறதுக்குள்ள இன்னொண்ணு வேணும்ல?" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாததை மாமா குறித்துக்கொண்டார். ஒரு கோட்டு குறைந்தால் ஒரு சாவு குறையும் என்று கணக்குப் போட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒன்றைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அங்கே மனைவி பையைத் திறந்தாள்.

"என்னங்க இது, யாரோட கோட்டு?"

"என்னோடதுதான்."

"உங்களோடதுன்னா எதுக்கு டிபன் டப்பாவுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கீங்க?" முகர்ந்து பார்த்தாள். "சென்ட்டு வேற அடிக்குது!"

"அது புகை மெஷினோட வாசனைம்மா."

"புகை மல்லிகை வாசனையா அடிக்கும்? யார்கிட்ட கதை விடுறீங்க?"

வேறு வழியில்லாமல் மாமா எல்லாவற்றையும் கொட்டினார். கடைசி வரி, டாக்டரின் சிரிப்பு, பித்தளைக் குண்டு ஒன்றையும் விடவில்லை. "மறுபடியும் என்னைச் சுவத்துல மாட்டிடுவாங்கடி" என்று கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவிக்கும் கோபம் போய்ப் பாவமாகிவிட்டது.

"இதுக்கா இப்படி உருகுறீங்க? வியாழக்கிழமை போகாதீங்க. ஆளே இல்லாம எப்படிச் சாகடிப்பாங்க?"

இத்தனை வருஷத்தில் மனைவி சொன்னதை மாமா இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. வியாழன் காலை வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு தொடரின் மேனேஜருக்குப் போன் போட்டார்.

"ஹல்லு வலி. வீங்கிருச்சு."

"ஐயோ, வராதீங்க மாமா. நல்லா ரெஸ்ட் எடுங்க."

மாமா போனையே வெறித்துப் பார்த்தார். காய்ச்சலில் நடுங்கியபோதுகூட ஆட்டோ அனுப்பி அள்ளிக்கொண்டு போன மனுஷன் அந்த மேனேஜர்.

"ஏதோ இருக்குடி. ரொம்ப அன்பாப் பேசுறான்."

"அன்பாப் பேசினாலும் சந்தேகமா? உங்களுக்கு அந்த எபிசோடு பிடிச்சு ஆட்டுது" என்று மனைவி கஞ்சியைக் கையில் கொடுத்தாள். பொய் வலிக்கு நிஜக் கஞ்சி.

வெள்ளிக்கிழமை தாடையில் துணி கட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே இயக்குநர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். டாக்டர் மாமாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"மாமா, நீங்க நல்லா இருக்கணும். உங்களை நான் மறக்கவே மாட்டேன்."

மறக்க மாட்டேன் என்று உயிரோடு இருப்பவனிடம் யார் சொல்வார்கள்? நேற்று வராததால் சாவை இன்றைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது மாமாவுக்கு வெட்டவெளிச்சமானது. போதாததற்கு, இடப்பக்கக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போன தொப்பி வலப்பக்கம் தொங்கியது. உள்பட்டையில் யாருடைய வியர்வையோ ஈரமாக இருந்தது.

"இன்னிக்கு எடுக்கிறது துப்பாக்கிச் சூட்டுக்கு முன்னாடி வர்ற காட்சி, மாமா. நேத்து எடுக்க வேண்டியதை நேத்தே எடுத்தாச்சு" என்றார் இயக்குநர்.

மாமா நம்பவில்லை. கதவுக்கு முதுகு காட்ட மறுத்தார். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார். புகைக்குள்ளிருந்து காந்தக்கையன் தோளைத் தொட்டபோது 'ஐயோ' என்று அலறினார். வசனத்தில் அப்படி ஒரு ஐயோ இல்லை.

"பிரமாதம்! இந்தச் சந்தேகத்தைத்தான்யா நாலு நாளா எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருக்கேன்!" என்று இயக்குநர் துள்ளினார்.

கடைசி வரி வந்தது. மாமா மெதுவாகத் திரும்பவில்லை. சட்டென்று திரும்பினார், அதுவும் இரண்டு தரம். யாரும் சுடவில்லை.

"கட்! மாமா போர்ஷன் முடிஞ்சுது!"

எல்லாரும் கை தட்டினார்கள். மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாடைத் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, ஏணியிலிருந்து இறங்கி வந்த லைட்மேனைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னய்யா, நான் உயிரோடத்தான் இருக்கேன், பார்த்தியா?"

லைட்மேன் தலையைச் சொறிந்தார். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து உங்க தொப்பியையும் கோட்டையும் நான்தான் போட்டிருந்தேன்."

"நீயா? எதுக்கு?"

"டாக்டர் குண்டடி பட்டுச் சாகிற காட்சிக்கு லைட் வைக்கணும்ல. யாராச்சும் நடுவுல நின்னாத்தானே வெளிச்சம் பார்க்க முடியும்? உங்களுதுதான் சும்மா தொங்கிட்டிருந்துச்சு."

"டாக்டரா? டாக்டரா சாகறாரு?" மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம் மனுஷன், அதனால்தான் கையைப் பிடித்து உருகியிருக்கிறார். "எழுதினதே அவருக்குத்தானா? இது தெரியாம ஒரு நாள் பூரா பஞ்சும் கஞ்சியுமாக் கிடந்தேனே!"

"அவருக்குத்தான் மாமா எழுதியிருந்தாங்க. செவுத்துல உங்க தொப்பி நிழல் அம்சமா விழுந்ததைப் பார்த்துட்டு, 'ஆள்தான் வரலையே, நிழலையே சுட்டுடலாம்'னு டைரக்டர் டாக்டரை விட்டுட்டு உங்களை முடிச்சுட்டாரு!"