லாம்பு பாயின் கல்

ஒரு நாள்கூட எரியாத விளக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து வருஷம் திரிந்த மனிதர், ஆம்பூரிலேயே எங்கள் லாம்பு பாய் ஒருத்தர்தான்.

தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக்கல் உடைப்பது அவர் வேலை. ஒருமுறை கல்லுக்குள்ளிருந்து சிப்பி மாதிரி ஒன்று, இரண்டு மூடியும் பிரியாமல், கல்லாகவே விழுந்தது. கல் பார்க்க வந்த துரை ஒருத்தர், மனுஷனுக்கு முந்தி கடலில் இருந்த ஜீவன் இது, இப்போது அந்த வம்சமே இல்லை என்றாராம். சரக்கு ரயில் நீளத்துக்கு ஒரு பெயரும் சொன்னார். பழைய காலத்து விளக்கு மாதிரி இருப்பதால் லாம்பு என்றும் சொல்வார்களாம். பாய் காதில் அது மட்டும் நின்றது.

அப்புறம் யார் லாம்பு கேட்டாலும் கல்லை நீட்டுவார்.

"எண்ணெய் கேக்காது, திரி கேக்காது. இதவிட இன்னாடா லாம்பு வேணும்?"

ஒரு மூடி பெரிசு, ஒன்று சின்னது. புருஷன் பெண்டாட்டி என்பார். எது பெண்டாட்டி என்று நான் கேட்டேன்.

"கல்யாணம் ஆனவன் நீ. என்னைக் கேக்கறியே."

நான் நாலாங்கிளாஸோடு நின்றவன். அதே ஷாப்பில், மயிர் உதிரத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி என் பொறுப்பு. முதலாளி தும்மினாலே எழுந்து நிற்பேன். ஒரு வாரம் தொட்டியிலிருந்து எடுத்த ஆட்டுத்தோலில் மயிர் அப்படியே இருந்தது.

"சுண்ணாம்பு கம்மியா போட்டியா? நாளையிலேருந்து வராதே" என்றார் முதலாளி.

வீட்டில் பெண்டாட்டி நிறைமாசம். சுண்ணாம்புச் சூளையில் கல் சரியாக வேகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாயின் பின்னால் போய் நின்றேன். எனக்காக பாய் சொன்னார்.

சூளைக்காரர் முதலாளியின் மச்சான். "வந்ததெல்லாம் சிப்பிக்கல்லு. எவ்ளோ எரிச்சாலும் வேகாது. அதுக்குத் தக்கபடி இவன்தான் ஜாஸ்தி போட்டிருக்கணும். நம்பலன்னா பச்சையா, சுடாத ஒரு சிப்பிக்கல்லு கொண்டா, எரிச்சுப் பாக்கலாம்."

பச்சைக் கல் எல்லாம் சூளைக்குள் போய்விட்டது. வெளியே மிச்சம் இருந்தது ஒன்றுதான். பாயின் சட்டைப் பையில்.

"வேணாம் பாய்" என்றேன்.

"நீ கம்முனு இரு" என்று பக்கத்துக் கொல்லன் உலையில் அதை வைத்து, அவரே துருத்தி ஊதினார். மதியம் வரைக்கும் ஊதினார். சிவந்தது, பிறகு வெள்ளையாக ஜொலித்தது. ஆறவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டதும் சீறி, வெடித்து, மாவாகக் கரைந்துபோனது. நன்றாக வெந்த கல்தான் அப்படிக் கரையும். சூளைக்கார மச்சான், கொல்லன் பட்டறைக் கூரையில் எதையோ தேடினார். முதலாளி என்னைப் பார்த்து, "நாளைக்கு நேரத்தோட வா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் காலிப் பையைத் தட்டிக்கொண்டார்.

"லாம்புன்னா ஒரு நாளாவது எரியணும் இல்ல?"

என் வீட்டு அடுப்பு இத்தனை வருஷம் எரிந்தது அந்த வெளிச்சத்தில்தான்.