லேப் 2

கோப்பில் இரண்டு கம்ப்யூட்டர் லேப் இருந்தது. கல்லூரியில் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது லேபுக்கான மெஷின்கள் அடுத்த வாரம்தான் வரும். அனுமதி தர வந்த ஆய்வுக் குழுவோ முதல் லேபைப் பார்த்து முடித்து, லேபில் கொடுத்த ரப்பர் செருப்போடு பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தது.

மாணவர்கள் லேப் அக்கா என்று அழைக்கும் அவளை வேலைக்கு எடுத்ததே இரண்டாவது லேபுக்காகத்தான். லேப் இல்லையென்றால் அவளும் இல்லை.

"எப்படியாவது காட்டிடும்மா," என்று சொல்லிவிட்டு பிரின்சிபால் காபியைக் கவனிக்கப் போனார்.

நீளமான அந்த லேபுக்கு இரண்டு வராந்தாவிலும் கதவு உண்டு. பின்கதவில் 'லேப் 2' என்று எழுதி ஒட்டினாள். முன்கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். மாணவர்களை இடம் மாற்றினாள். எல்லா மெஷின் திரைக்கும் பச்சை நிறம் வைக்கச் சொன்னாள். எந்தப் பயல் எதை அழுத்தினானோ, அறுபது மெஷினும் ஒன்றாக அப்டேட்டில் உட்கார்ந்துகொண்டன. மூன்று சதவீதம்.

பின்கதவு திறந்தது. குழுத் தலைவி அம்மாள் திரைகளைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார்.

"எல்லாம் புது மெஷின், மேடம்," என்றாள் லேப் அக்கா.

தலைவியின் பார்வை, ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் மாணவன் மேல் நின்றது. ஆறடிக்கு மேல் வளர்ந்தவனை எங்கே ஒளிப்பது?

"உன்னை அந்த லேப்ல பார்த்தேனே?"

"அது என் அண்ணன், மேடம். நாங்க ரெட்டை."

"அப்படியா! அவனையும் கூப்பிடு, ரெண்டு பேரையும் ஒண்ணா பார்க்கலாம்."

அண்ணனுக்கு வயிற்றுவலி, இப்போதுதான் வீட்டுக்குப் போனான் என்றான் தம்பி. அண்ணன் பிழைக்க வேண்டுமே என்று லேப் அக்கா உண்மையாகவே வேண்டிக்கொண்டாள்.

ஒருவழியாகத் தலைவி கையெழுத்துப் போட்டார். லேப் அக்காவுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு, தலைவி திரையை விலக்கி முன்கதவைத் திறந்ததும் நின்றுவிட்டது. வாசலில், காலையில் கழற்றிவிட்ட அதே இடத்தில், அவருடைய செருப்பு.

தலைவி குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாருங்களேன், நம்ம செருப்பைக்கூட இங்க கொண்டுவந்து வச்சிருக்காங்க. என்ன பொறுப்பு!"

மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

குழுவில் இன்னொருவர் இருந்தார். வேறொரு கல்லூரிப் பேராசிரியர். காலையிலிருந்து வாயே திறக்காதவர். அங்கேயே கிடந்த தம் ஷூவின் கயிற்றை நிதானமாகக் கட்டி முடித்து, அவள் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில் சொன்னார்:

"எங்க காலேஜ்ல முதல்ல இந்தக் கதவைத்தாம்மா பூட்டுவோம்."