பை டூ அண்ணனின் வயிறு

பிள்ளைகளா, லீவு நாளில் அப்பா வாழைப்பழத்தை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை உங்கள் பக்கம் நீட்டினால் சிரிக்கிறீர்கள். அந்தப் பழக்கம் பை டூ அண்ணன் கொடுத்தது. ஒரு முழு காபிகூடக் குடிக்காமல், காபியாலேயே வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர் இந்தப் பெங்களூரில் அவர் ஒருவர்தான்.

ஆடுகோடியில் நான் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் அவர் எனக்கு சீனியர். ஒரு காபியை இரண்டு கிளாஸில் ஊற்றித் தருவதுதானே பை டூ? அண்ணனைப் பொறுத்தவரை பாதி காபி என்பது காபியே அல்ல. கொரியர்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், பழைய இரும்பு வாங்கும் பாய், யார் வந்தாலும் "வாப்பா, ஒரு பை டூ அடிக்கலாம்" என்று தள்ளிக்கொண்டு போய்விடுவார். பீடியையும் பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொள்வார். காலை டிபன் கிடையாது. முதுகு வலித்தால் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதை மட்டும் முழுசாக விழுங்குவார்.

ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தார் மாதிரி கறுப்பா போகுதுடா" என்று என் காதில் மட்டும் சொன்னார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் இருந்த புண்ணிலிருந்து ரத்தம் கசிந்திருந்தது.

"காபி குடிப்பீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"முழுசா ஒண்ணுகூட குடிக்கிறதில்ல மேடம்." முகத்தில் அப்படி ஒரு நேர்மை.

எனக்கு வாய் நிற்கவில்லை. "பாதி பாதியா குடிப்பாரு மேடம். எத்தனைன்னு கடைக்காரருக்கே தெரியாது."

"ஏன்டா, தொணைக்கு வந்தியா, போட்டுக்குடுக்க வந்தியா?" என்று முறைத்தார். பிறகு டாக்டரிடம், "மீதிப் பாதியெல்லாம் இவன் வயித்துல இருக்கு மேடம். இவனையும் பாத்துடுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. புண்ணை உண்டாக்கிய கிருமிக்குக் கொடுக்கும் மாத்திரையை நடுவில் விடக் கூடாது, காபியும் பீடியும் கூடாது, வலி மாத்திரையைத் தொடவே கூடாது, காரத்தைக் குறைத்து நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்றார். "இன்னொரு தடவை ரத்தம் வந்தா உயிருக்கே ஆபத்து சார்." திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணன் காதிலிருந்த அரை பீடியை எடுத்து வெளியே எறிந்தார்.

மறுநாளிலிருந்து பை டூ சாப்பாட்டுக்கு மாறியது. இட்லி, பப்பாளி, தயிர்சாதம், எதுவானாலும் பாதி. மீதியை ஒருவர் வாங்கிக்கொண்டால்தான் அவருக்கு இறங்கும். "நீ வாங்கினாத்தான்டா இது பை டூ. இல்லன்னா வெறும் பாதிச் சோறு" என்பார். மிஷின் ஓடும்போதே என் வாய்க்கு நேராக அரை இட்லி வந்து நிற்கும்.

"ஏனப்பா, இது வொர்க்‌ஷாப்பா, ஹோட்டலா?" என்று ஓனர் கத்தினார். அடுத்த வாரம் அவரே பப்பாளிக்குக் கை நீட்டினார்.

ஒரே ஒரு மழை நாளில் அண்ணனுக்கு மனசு தடுமாறியது. காபிக்கடைக்காரரிடம் போய் ரகசியமாக, "ஒரு பை ஃபோர் போடுங்க, கால்வாசி ஒண்ணும் செய்யாது" என்றிருக்கிறார். விஷயம் தெரிந்த கடைக்காரர் நாலு கிளாஸிலும் வெந்நீரை ஊற்றி வைத்தார். அண்ணன் நாலையும் குடித்துவிட்டு, "சக்கர கம்மி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

சில மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்றார் டாக்டரம்மா.

"பாதியா, முழுசா மேடம்?"

"முழுசா."

வெளியே வந்ததும், "முழுசா ஒண்ணு இப்பதான்டா கெடச்சிருக்கு" என்று என் தோளில் தட்டினார்.

இப்போது வேலையை விட்டுவிட்டு சந்தாபுராவில் மகன் வீட்டில் இருக்கிறார். நேற்று மதியம் போன் செய்தார்.

"சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேன்ணா."

"பொய் சொல்லாத. மிஷின் சத்தம் கேக்குது."

போனை வைத்துவிட்டு மிஷினை நிறுத்தினேன். பட்டறையில் வேறு யாரும் இல்லை. பையிலிருந்த வாழைப்பழத்தை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியைச் சாப்பிட்டேன். பிறகு அண்ணனுடைய பாதியையும் நானே சாப்பிட்டேன்.