எஞ்சினுக்குள் துத்தநாகம்

ஒரு எஞ்சின் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பதாகச் சொன்ன சோதனை முடிவைப் படித்துவிட்டு, அதே எஞ்சினுக்குச் சாவு நாள் குறித்தவன் நான். இதற்கு வெறும் முட்டாள்தனம் போதாது. வேதியியலில் பட்டம் வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தேன். (கெமிஸ்ட் என்றால், டிரம்மில் குச்சியை விட்டுக் கலக்கி, கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பவன்.) பொன்னேரியில் முனிரத்தினம் என்பவருக்கு ஒரே ஒரு பஸ். பொன்னேரிக்கும் பெரியபாளையத்துக்கும் ஓடியது. ஒரே ஒரு மகள், புஷ்பா. எனக்கும் அவளுக்கும் ஜாதகம் பொருந்தி, ஆடி கழிந்ததும் ஆவணியில் நிச்சயம் என்று பேச்சு. பேச்சு மட்டும்தான், தட்டு மாற்றவில்லை. முனிரத்தினத்துக்கு என்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. "பெயிண்ட் கலக்கறதுக்கு இன்னாத்துக்கு நைனா காலேஜி?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருந்தார்.

அதற்கு ஒரு பதில் தேவைப்பட்டது. சென்னையில் எண்ணெய்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த என் நண்பன் சேகர் வழி சொன்னான். ஓடிய எஞ்சினிலிருந்து கொஞ்சம் ஆயில் எடுத்துக் கொடுத்தால், அதில் கலந்திருக்கும் உலோகங்களை வைத்து, எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே எது தேய்கிறது என்று கண்டுபிடித்துவிடலாமாம். முனிரத்தினத்தின் டிரைவர் ஏகாம்பரத்திடம் ஒரு பாட்டில் கறுப்பு ஆயில் வாங்கிச் சேகருக்குக் கொடுத்தனுப்பினேன்.

முடிவு தபாலில் வந்தது. இரும்பு, செம்பு, ஈயம் எல்லாம் சொற்பம். அவற்றை நான் சட்டை செய்யவில்லை. (சின்ன எண்களை வைத்துக்கொண்டு எந்த மாமனாரைப் பிரமிக்கவைக்க முடியும்?) துத்தநாகம் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பாஸ்பரஸ் ஏறக்குறைய அதே அளவு. கால்சியம் இரண்டாயிரத்துக்கு மேல். எல்லாமே பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு. பத்து லட்சம் என் கண்ணில் படவில்லை. ஆயிரம்தான் பட்டது.

உட்கார்ந்து ஆராய்ந்தேன். துத்தநாகம் என்றால் எஞ்சினின் ஏதோ ஒரு பாகம் கரைந்துகொண்டிருக்கிறது. கால்சியம் என்றால் சுண்ணாம்பு; ரேடியேட்டரில் ஊற்றும் பொன்னேரிக் கிணற்றுத் தண்ணீர் உள்ளே கசிகிறது. பாஸ்பரஸ் என்றால் தீப்பெட்டி. ஆக, பஸ் கரைந்து, நனைந்து, கடைசியில் பற்றிக்கொள்ளும்.

மறுநாள் ஆடி ஞாயிறு. விடிந்ததும் பொன்னேரிக்கு ஓடினேன். முனிரத்தினம் குடும்பத்தோடும் ஒரு பஸ் நிறைய ஜனத்தோடும் பவானி அம்மனுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பிப் போயிருந்தார். அடுத்த வண்டி பிடித்துப் பெரியபாளையம் போய் இறங்கினேன். கோவிலுக்குப் பக்கத்தில், வேப்பிலை கட்டிய பெண்கள் கூட்டத்துக்கு நடுவே பஸ் நின்றிருந்தது. ஏகாம்பரம் படிக்கட்டில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே என்னுடைய இன்னொரு வியாதியைச் சொல்லவேண்டும். கல்லூரித் தமிழ் மன்றத்தில், அறிவியலைத் தமிழில்தான் சொல்லவேண்டும் என்று பேசிப் பரிசு வாங்கியவன் நான். ஜிங்க் என்று சொல்ல என் நாக்கு வளையாது.

"ஏகாம்பரம், வண்டியை எடுக்காதீங்க. எஞ்சினுக்குள்ள துத்தநாகம் இருக்கு!"

இட்லி பாதி வழியில் நின்றது. "இன்னா சார் சொல்றீங்க? நாகமா?"

"துத்தநாகம். ஆயிரத்துக்கு மேல."

"ஆயிரமா!" ஏகாம்பரம் படிக்கட்டிலிருந்து குதித்தார். "காலைலேர்ந்து அதும்மேல காலை வெச்சிக்கினு ஓட்டினு வந்துகீறனே!"

நான் விளக்கத் தொடங்குவதற்குள் செய்தி கோவில் குளத்தைச் சுற்றி வந்துவிட்டது. அம்மன் சந்நிதி, ஆடி ஞாயிறு, வண்டிக்குள் நாகம். பானட் மேல் மஞ்சள் பூசினார்கள். ரேடியேட்டர் முன்னால் பாலும் முட்டையும் வந்தன. யாரோ பம்பரில் கற்பூரம் ஏற்றினார்கள்.

"ஐயோ, நெருப்பை அணைங்க, உள்ள பாஸ்பரஸ் இருக்கு!" என்று கத்தினேன். அதையும் ஒரு ஸ்லோகம் என்று நினைத்தார்களோ என்னவோ, சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேப்பிலை கட்டிய ஒரு அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. "காவலுக்கு வந்துகீறேன்டா! தொறக்காதீங்கடா!" என்று பானட்டில் அறைந்தார்.

முனிரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னால் பொங்கல் பானையுடன் புஷ்பா.

"இன்னா நைனா இது பேஜாரு? வண்டிய எடுக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு."

"எடுக்கவே கூடாதுங்க."

அன்று சாயங்காலம் அத்தனை பேரும், அதே தடத்தில் ஓடும் போட்டிக்காரரின் பஸ்ஸில் திரும்பினோம். முனிரத்தினம் கம்பியைப் பிடித்து நின்றார். "உங்களுக்குப் போயி டிக்கெட்டாண்ணே? உங்க வண்டியா நெனச்சிக்கங்க" என்று அதன் கண்டக்டர் குனிந்து சொன்னபோது அவர் காசை எண்ணி அவன் கையில் வைத்தார். பொன்னேரி வந்ததும் என்னிடம் ஒரே வாக்கியம்: "ஆவணி இன்னும் ரொம்ப தூரம் கீது நைனா."

மறுநாள் சேகரிடம் போனேன். அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"டேய், அதெல்லாம் ஆயில் கம்பெனிக்காரன் தயாரிக்கும்போதே சேர்க்கற மருந்துடா. துத்தநாகமும் பாஸ்பரசும் எஞ்சின் தேயாம இருக்க. கால்சியம் அமிலத்தை முறிக்க. புது ஆயில்லயும் இதே அளவுதான் இருக்கும். ரொம்பக் குறைஞ்சிருந்தாதான் ஆயில் களைச்சுப்போச்சுன்னு அர்த்தம். தேய்மானத்துக்கு நீ பாக்கவேண்டியது இரும்பும் செம்பும். ரெண்டும் ஒண்ணுமே இல்லையே! தங்கமான எஞ்சின்டா!"

செவ்வாய்க்கிழமை பெரியபாளையம் போனேன். பஸ் நின்ற இடத்திலேயே மாலைகளுக்குள் புதைந்திருந்தது. பானட்டைத் தொடவந்த மெக்கானிக்கை ஜனங்கள் விரட்டிவிட்டிருந்தார்கள். முனிரத்தினம் டீக்கடை பெஞ்சில் இருந்தார். நிச்சயம் போனால் போகட்டும் என்று உண்மையைச் சொன்னேன்.

"நான் தப்பாப் படிச்சுட்டேங்க. துத்தநாகம் உள்ள இருக்கறது நல்லதுதான். எஞ்சினைக் காப்பாத்தறதே அதுதான். அது குறைஞ்சாதான் ஆபத்து."

முனிரத்தினம் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் முந்திக்கொண்டார். "அதத்தான சார் அந்தம்மா அன்னிக்கே சொல்லிச்சு? காவலுக்கு வந்துகீதுன்னு!"

சேகரும் அந்த அம்மாவும் சொன்னது ஒன்றுதான்.

ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருகினார். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்தது. கூட்டம் குலவையிட்டது, பிறகு முண்டியடித்து ஏறியது. பக்கத்தில் போட்டிக்காரரின் பஸ் காலியாக நின்றது. முனிரத்தினம் இரண்டு பஸ்ஸையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆவணி மொத முகூர்த்தம்" என்றார். "ஆனா ஒண்ணு நைனா. இனிமே என் வண்டிகிட்ட நீ வரக்கூடாது."

கடைசிவரை நாங்கள் மாமனார் வீட்டுக்கு ரயிலில்தான் போனோம். இப்போது எனக்கு வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. முடிவு வந்த உறையைப் பிரிக்கும் உரிமை புஷ்பாவுக்கு மட்டும்தான். போன மாதம் அவள் குளிக்கப்போன நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டேன்.

"புஷ்பா, என் ரத்தத்துல கால்சியம் இருக்காம்!" என்று கூவினேன்.

அவள் வந்தாள். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் பாலும் ஒரு முட்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.