உங்கள் வீட்டில் நாங்கள் குடியிருந்த மூன்று நாட்கள்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் மூவரும் சுகம். உங்கள் வீடும் ஏறக்குறைய சுகம். வெளியூர் வேலையில் இருக்கும் நீங்கள் பதற வேண்டாம். உடைந்தது ஒரே ஒரு கண்ணாடி டம்ளர்தான்.

பாப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நம் ஊர் அரசுப் பள்ளிகள் இரண்டில் ஒன்று ரயில் பாதையோரம். ரயில் போகும்போதெல்லாம் பாடம் நிற்கும். இன்னொன்றில் நூலகம் இருக்கிறது. அதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாப்பா, "நான் இங்கதான் படிப்பேன்" என்று சொல்லிவிட்டாள். இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்; வீடு இருக்கும் தெருவைப் பார்த்து இடம் ஒதுக்குவார்கள். உங்கள் தெரு நூலகப் பள்ளிக்கு, எங்கள் தெரு ரயில் பள்ளிக்கு. உங்கள் தங்கை, "ஸ்கூல் வாசல்ல மேப் ஒட்டியிருக்காங்க, ஒரு தடவ பாத்துடுங்களேன்" என்றாள். பதினெட்டு வருடமாக இந்த ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுப்பவனுக்கு மேப் எதற்கு? செடிக்குத் தண்ணீர் ஊற்ற நீங்கள் தந்துபோன சாவி வேறு கையில் இருந்தது. விண்ணப்பத்தில் உங்கள் முகவரியை எழுதிவிட்டேன்.

ஆசிரியை ஒருவர் நேரில் வந்து சரிபார்ப்பார் என்றார்கள். மெத்தை, குக்கர், பாப்பாவின் சைக்கிள் சகிதம் உங்கள் வீட்டில் குடியேறினோம். மூன்றாம் நாள் அவர் வந்தார். நான் விளக்கைப் போட்டேன், மோட்டார் ஓடியது. கை கழுவ வேண்டும் என்றார். "இதோ, இந்தப் பக்கம்" என்று நான் பெருமையாகத் திறந்துவிட்டது துடைப்பம் வைக்கும் அலமாரி. அதைப் பார்த்துத்தான் உங்கள் தங்கை டம்ளரை நழுவவிட்டாள். ஆசிரியை பாப்பாவிடம், "உன் புக்கெல்லாம் எங்க வெப்ப கண்ணு?" என்று கேட்க, அவள், "எங்க வீட்டுல மிஸ். இது மாமா வீடு" என்றாள். "வீட்டு ஓனர அப்படித்தான் கூப்பிடுவா மேடம், பாசக்காரப் புள்ள!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். அதோடு விடாமல், அக்கம்பக்கத்தில் யார் யார், யாருக்கு எங்கிருந்து கடிதம் வரும் என்று கதவு எண் வாரியாக ஒப்பித்தேன். "இவ்வளவு தெரிஞ்சவரு வேற எங்க குடியிருக்கப் போறாரு" என்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பாப்பா முன்னால் பொய் சொன்னது உறுத்தலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் காரியம் முடிந்தது. வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாப்பா உங்களுக்கு முத்தம் அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் முகவரிக்குப் பள்ளிக் கடிதம் வந்துவிட்டது. நானே கொண்டுபோய்க் கதவிடுக்கில் போட்டு, நானே திறந்து எடுத்துப் படித்தேன். "தாங்கள் மேற்படி முகவரியில்தான் வசிக்கிறீர்கள் என்பது ஐயமற உறுதியானது. எனவே தங்கள் குழந்தைக்கு ரயில் பாதையோரப் பள்ளியில் இடம் ஒதுக்கப்படுகிறது." ஓடிப்போய் மேப்பைப் பார்த்தேன். போன வருடமே எல்லையை மாற்றிவிட்டார்களாம். எங்கள் தெருதான் இப்போது நூலகப் பள்ளிக்கு. அந்த மேப்பின் கீழே நின்றுதான் தினமும் அந்தப் பள்ளிக்குத் தபால் கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் நாங்கள் ஒருநாளும் குடியிருந்ததில்லை என்று கையெழுத்திட்டு உடனே அனுப்பவும். அது வரும்வரை காத்திராமல் நாளைக்கே ஆசிரியையைப் பார்க்கப் போகிறோம். இந்தமுறை நான் வாயைத் திறக்கப் போவதில்லை; பாப்பாதான் பேசுவாள்.